கட்டணம் கேளாத கடற்கரைக் கிராமம்

இயற்கையின் சீற்றத்திற்கு ஆளானோருக்கு அயலார் கைகொடுத்து உதவுவது உலக வரலாற்றில் புதுமையன்று. ஆயினும், மொழியாலும் சமயத்தாலும் முற்றிலும் வேறுபட்டு, ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் தொலைவில் வாழும் இரு மக்கள், ஓர் இரவில் நிகழ்ந்த உதவியின் நினைவை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேணிக் காத்து, ஒருவருக்கு இடர் நேர்ந்தபோது மற்றவர் எழுந்து வந்த வரலாறு மிக அரிதானது. ஜப்பானின் ஹொன்ஷுத் தீவின் தென்கோடியில், கீ தீபகற்பத்தை ஒட்டியுள்ள ஒஷிமா என்னும் சிறு தீவுக்கும் துருக்கி நாட்டுக்கும் இடையே 1890ஆம் ஆண்டில் தோன்றிய உறவு அத்தகையதே. இன்று அத்தீவு குஷிமோட்டோ நகரைச் சேர்ந்தது. கருங்கடற்கரையிலுள்ள யாக்ககெண்ட் என்னும் சிற்றூரும் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள மெர்சின் மாநகரும் அந்நகருக்குச் சகோதர நகரங்களாக விளங்குகின்றன.

இவ்வரலாற்றை நமது திருவிழா மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கதையின் நடுநாயகமான கப்பல், தன் முடிவை நோக்கிச் சென்ற வழியில், நமது சிங்கப்பூர்த் துறைமுகத்தில்தான் மாதக்கணக்கில் நங்கூரமிட்டிருந்தது. 1889ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து சேர்ந்த அக்கப்பல், 1890 மார்ச்சில்தான் புறப்பட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் அப்போதே அறுபது ஆண்டுகளைக் கடந்து நின்றிருந்தது. அக்காலத்தில் இத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் படகு வலித்தும் உழைத்த நம் முன்னோரும், பிறைக்கொடி பறந்த அந்தப் பெரிய மரக்கப்பலைக் கண்ணுற்றிருப்பர் என்று கருதுவதில் தவறில்லை.

அக்கப்பலின் பெயர் எர்துருல். உதுமானியப் பேரரசின் முதல் மன்னர் ஒஸ்மானின் தந்தையாருடைய பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் அது. 1887இல் ஜப்பானிய இளவரசர் கொமாட்சு அகிஹிட்டோ இஸ்தான்புல் சென்று சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைச் சந்தித்தார். அதற்கு எதிர்மரியாதையாகத் தூதுக்குழு ஒன்றை ஜப்பானுக்கு அனுப்ப சுல்தான் முடிவு செய்தார். ஆசியாவின் இரு கோடிகளிலும் இருந்த இவ்விரு பேரரசுகளும் ஐரோப்பிய வல்லரசுகள் தம்மீது சுமத்திய சமமற்ற ஒப்பந்தங்களால் துன்புற்றவை என்பதை இங்கு மனத்திற்கொள்ள வேண்டும். வழிநெடுகிலும் உள்ள இஸ்லாமிய மக்களுக்குத் தம் கொடியைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமும் சுல்தானுக்கு இருந்தது. பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் முதலிய துறைமுகங்களில் கப்பல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

எண்ணம் உயர்ந்ததுதான், ஆனால் அதற்கெனத் தெரிந்தெடுத்த கப்பலைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. எர்துருல் 1863இல் நீரில் இறக்கப்பட்டது. மரத்தாலான உடலும் மூன்று பாய்மரங்களும் ஒரு நீராவி இயந்திரமும் கொண்ட பழங்காலக் கப்பல் அது. 1889 ஜூலை 14ஆம் நாள் இஸ்தான்புல்லிலிருந்து 600க்கும் மேற்பட்டோருடன் புறப்பட்டபோது அதற்கு வயது இருபத்தாறு. சூயஸ் கால்வாயிலேயே அது தரைதட்டியது. நிலக்கரிக்கும் பழுதுபார்ப்புக்கும் பணமின்றித் துறைமுகந்தோறும் காத்துக் கிடந்தது. சிங்கப்பூரில் அது மாதக்கணக்கில் தங்கியதும் விருந்துபசாரத்திற்காக அன்று. அடுத்து வீசவேண்டிய காற்றுக்கும் தலைநகரிலிருந்து வரவேண்டிய பணத்திற்குமே அது காத்திருந்தது. ஏறக்குறைய பதினொரு மாதங்கள் கழித்து, 1890 ஜூன் 7ஆம் நாள், அது யோக்கோஹாமாவை அடைந்தது. தூதுக்குழுத் தலைவர் ஒஸ்மான் பாஷா பேரரசர் மெய்ஜியைக் கண்டு, சுல்தானின் மடலையும் பரிசுகளையும் அளித்தார்.

திரும்பும் வேளையில் துன்பங்கள் தொடர்ந்தன. கப்பலில் வாந்திபேதி பரவிச் சிலர் மாண்டனர். தனிமைப்படுத்தப்பட்ட நிலையில் பல வாரங்கள் கழிந்தன. செப்டம்பர் மாதம் ஜப்பானியக் கடலில் சூறாவளிக் காலமாகும். கப்பலைப் பழுதுபார்த்து, பருவம் தணிந்தபின் செல்லுமாறு ஜப்பானியர் எடுத்துரைத்தனர். கையிருப்புக் கரைந்துவிட்ட நிலையில், தாயகம் திரும்பவேண்டும் என்ற கட்டளையே மேலோங்கிற்று. 1890 செப்டம்பர் 15ஆம் நாள் எர்துருல் யோக்கோஹாமாவை விட்டுப் புறப்பட்டது.

செப்டம்பர் 16ஆம் நாள் இரவு

ஜப்பானின் தலைநிலமாகிய ஹொன்ஷுத் தீவின் தென்முனை ஷியோனோமிசாக்கி. அதற்குக் கிழக்கே ஒட்டினாற்போல் கிடப்பது ஒஷிமாத் தீவு. குரோஷியோ என்னும் பெருங்கடல் நீரோட்டம் அவ்வழியேதான் பாய்கிறது. தெற்கிலிருந்து எழும் சூறாவளிகளும் அவ்வழியே கரையேறுவது வழக்கம். ஒஷிமாவின் கிழக்கு முனையான காஷினோசாக்கியில் 1870ஆம் ஆண்டிலேயே ஒரு கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. ரிச்சர்ட் ஹென்றி பிரன்டன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வடிவமைத்த, ஜப்பானின் முதற் கல் கலங்கரை விளக்கம் அது. அதன் அடிவாரத்தில், செங்குத்தான பாறைச் சரிவுகளுக்குக் கீழே, அலைக்குள் மறைந்தும் தெரிந்தும் நிற்கும் பாறைக்கூட்டம் ஒன்றுண்டு.

செப்டம்பர் 16ஆம் நாள் இரவு, சூறாவளியில் சிக்கிய எர்துருல் அப்பாறைகளின்மீது தூக்கி எறியப்பட்டது. பிளந்த அடிப்பகுதியின் வழியே கடல்நீர் இயந்திர அறைக்குள் புகுந்தது, கொதிகலன் வெடித்தது, கப்பல் சிதறிற்று. ஒஸ்மான் பாஷா உள்ளிட்ட 500க்கும் மேற்பட்டோர் கடலுக்கு இரையாயினர். உயிர் பிழைத்தோர் 69 பேர் மட்டுமே.

அலையால் கரையில் ஒதுக்கப்பட்டவர்களுள் சிலர், உடலெல்லாம் கிழிந்த நிலையில், தலைக்கு மேலே சுழன்று கொண்டிருந்த விளக்கொளியை அடையாளமாகக் கொண்டு அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறினர். இருளில், மழையில், கையால் தடவித் தடவி ஏறி, கலங்கரை விளக்கக் காவலரின் கதவைத் தட்டினர். காவலருக்கு அவர்தம் மொழி விளங்கவில்லை. வந்தவர்களுக்கோ ஜப்பானிய மொழி தெரியாது. காவலர் பன்னாட்டுக் கொடிகள் அச்சிடப்பட்ட நூலை எடுத்து விரித்துக் காட்டினார். வந்தவர்கள் பிறையும் விண்மீனும் பொறித்த கொடியைச் சுட்டிக்காட்டினர். துருக்கி என்று ஒரு நாடு உண்டு என்பதையே அன்றுதான் அத்தீவினர் பலர் அறிந்திருக்கக் கூடும்.

கலங்கரை விளக்கத்திற்கு மிக அருகிலிருந்த குடியிருப்பு காஷினோ. ஒஷிமா கிராமத்தின் மூன்று பகுதிகளுள் மிகச் சிறியது. மீன்பிடித்தலையே நம்பியிருந்த ஏழை மக்கள். நெல் விளையும் நிலம் அங்கு அரிது. புயலால் படகுகள் கடலுக்குச் செல்லாத நாள்கள் அவை. செய்தி எட்டியதும் ஆடவர் அனைவரும் பாறைச் சரிவுகளில் இறங்கினர். குற்றுயிராகக் கிடந்தவர்களை முதுகில் சுமந்து மேலேற்றினர். கடல்நீரில் விறைத்துப்போன உடல்களுக்குத் தம் உடலின் சூட்டையே அளித்துக் காத்தனர் என்று அத்தீவில் வழிவழியாகக் கூறுவர். வீட்டிலிருந்த பருத்தி ஆடைகளைக் கொண்டுவந்து உடுத்தினர். உருவத்தில் பெரியவர்களான துருக்கிய மாலுமிகளுக்கு அவ்வாடைகள் முழங்காலைக்கூட எட்டியிருக்குமோ என்னவோ! சர்க்கரைவள்ளிக்கிழங்கும் முட்டையும் கொடுத்தனர். அவையும் தீர்ந்தபின், பஞ்ச காலத்திற்கென்று ஒதுக்கி வளர்த்த கோழிகளையும் அறுத்துச் சமைத்தனர். ஊரிலிருந்த பௌத்த ஆலயமாகிய தாய்ர்யூஜியும் பள்ளிக்கூடமும் மருத்துவமனைகளாயின.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களைத் தூக்கி வந்தபோது அவர்கள் சுல்தானின் தூதர்கள் என்பது கிராமத்தாருக்குத் தெரியாது. பேரரசர் மருத்துவர்களை அனுப்பியதும், பேரரசியின் பெயரால் உடைகள் வந்ததும், செஞ்சிலுவைச் சங்கத்தார் கோபே நகரில் காயமுற்றோரைப் பேணியதும் அடுத்தடுத்த நாள்களில் நிகழ்ந்தவை. அவற்றில் அரசியல் கலந்திருந்தது. கலந்திருப்பது குற்றமும் அன்று. ஆனால் முதல் இரவில் காஷினோவின் பாறைச் சரிவில் இறங்கியவர்களிடம் எந்த அரசியலும் இல்லை.

அந்தக் கடற்கரைக்கு அதற்கு முன்னரே ஒரு கசப்பான நினைவு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1886 அக்டோபர் 24ஆம் நாள், நார்மன்டன் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இதே கீ தீபகற்பக் கடலில் மூழ்கியது. கப்பல் தலைவரும் ஐரோப்பிய மாலுமிகளும் படகுகளில் ஏறிக் கரைசேர்ந்தனர். கப்பலிலிருந்த 25 ஜப்பானியப் பயணிகளுள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பலில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரும் அவர்களோடு மாண்டனர் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. பிரிட்டிஷ் தூதரக நீதிமன்றம் முதலில் கப்பல் தலைவரைக் குற்றமற்றவர் என்றது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பிற்குப் பின்னர் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்நியக் கப்பலொன்று தம் மக்களை நீரில் கைவிட்டுச் சென்று நான்கே ஆண்டுகளான நிலையில், வேறோர் அந்நியக் கப்பலின் மாலுமிகளை அக்கடற்கரை மக்கள் தோளில் சுமந்தனர்.

மருத்துவர் மூவரின் மடல்

காயமுற்ற 69 பேருக்கும் முதலில் சிகிச்சை அளித்தவர்கள் அவ்வட்டாரத்து மருத்துவர் மூவர். பிழைத்தோர் பின்னர் ஜெர்மானியப் போர்க்கப்பலான வோல்ஃப் மூலம் கோபேவுக்கு அனுப்பப்பட்டனர். மருந்துக்கும் சிகிச்சைக்கும் ஆன செலவைக் கணக்கிட்டு அனுப்புமாறு அம்மூவருக்கும் அதிகாரிகள் எழுதினர். முறையான கேள்விதான், உதுமானிய அரசு அத்தொகையைச் செலுத்த முன்வந்திருந்தது. மருத்துவர் மூவரும் சேர்ந்து எழுதிய பதில் மடலின் சாரம் இது: கட்டணம் பெறும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே தங்களுக்கு இருந்ததில்லை, காயமுற்றோரின் துயர நிலையைக் கண்டு இரங்கியே பணியாற்றினோம், எங்களுக்குச் சேரவேண்டியது என்று கருதும் தொகையை அம்மாலுமிகளுக்கே நன்கொடையாகக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுவே. அரசர்கள் எழுதிய மடல்களும் பரிமாறிக்கொண்ட பதக்கங்களும் பல உள்ளன. அவற்றைவிட, வரவேண்டிய பணத்தை வேண்டாம் என்று எழுதிய கிராமப்புற மருத்துவர்களின் இந்தச் சிறு மடல் உயர்ந்து நிற்கிறது. அச்செய்திகளைச் சொல்லும் பழைய ஏடுகளின் படிகள் குஷிமோட்டோவிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டு வந்தமையால்தான் பிற்காலத்தார் இதனை அறிய முடிந்தது. ஆலயம் என்பது வழிபடும் இடமாக மட்டுமன்றி, ஊரின் ஏடுகளைக் காக்கும் இடமாகவும் இருந்துவந்ததற்கு இதுவும் ஒரு சான்று. நமது நிர்வாகக் குழுவினர் பழைய கணக்குப் புத்தகங்களையும் கூட்டக் குறிப்புகளையும் அலமாரியில் பூட்டி வைத்திருப்பதைச் சிலர் வீண்வேலை என்பர். அவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கரை ஒதுங்கிய உடல்களைக் கிராமத்தார் தேடித் தேடி எடுத்து, கலங்கரை விளக்கத்திற்கு அருகிலுள்ள மேட்டில், கடலை நோக்கி அடக்கம் செய்தனர். மறு ஆண்டு, 1891இல், அங்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. பிழைத்த 69 பேரையும் ஏற்றிக்கொண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களான ஹியேயும் கொங்கோவும் 1890 அக்டோபரில் புறப்பட்டு, 1891 ஜனவரி 2ஆம் நாள் இஸ்தான்புல் சேர்ந்தன.

ஜப்பான் முழுவதும் நிதி திரட்டப்பட்டது. ஜிஜி ஷிம்போ என்ற நாளிதழ் சேர்த்த நிதியை அதன் செய்தியாளர் நோடா ஷோத்தாரோ அக்கப்பலிலேயே கொண்டுசென்றார். யமதா டோராஜிரோ என்ற இளைஞர் ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றி நிதி சேர்த்து, 1892இல் தாமே இஸ்தான்புல் சென்று ஒப்படைத்தார். தம் குடும்பத்துப் போர்க்கவசத்தையும் வாளையும் சுல்தானுக்கு அவர் காணிக்கையாக்கினார். அவை இன்றும் தோப்காப்பு அரண்மனையில் உள்ளன. யமதா அங்கேயே தங்கி, வணிகம் நடத்தி, இரு நாடுகளுக்கும் பாலமாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

நினைவு தானாக நிற்பதில்லை

உதவி நிகழ்ந்தது ஒரு வாரம்; அதன் நினைவு நின்றது ஒரு நூற்றாண்டுக்கும் மேல். இது எவ்வாறு கைகூடிற்று? பெரும் நிகழ்ச்சிகளால் மட்டும் அன்று. பெரும் நிகழ்ச்சிகள் உண்டு என்பது மெய்யே. 1929இல் பேரரசர் ஹிரோஹித்தோ அக்கல்லறைக்கு வந்து மரியாதை செலுத்தினார். துருக்கிக் குடியரசு 1937இல் அங்கு புதிய நினைவுத்தூண் எழுப்பியது. 2008இல் துருக்கிய அதிபர் அப்துல்லா குல் அங்கு வந்தார். ஆனால் அதிபர்கள் வராத ஆண்டுகளே மிகுதி. அவ்வாண்டுகளில் கல்லறையைக் கூட்டிப் பெருக்கியவர்கள் ஒஷிமாவின் பள்ளிப் பிள்ளைகள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நினைவு நாள் முறையாக நடைபெற்று வந்தது. தாத்தா கூட்டிய இடத்தைப் பேரன் கூட்டினான். அக்கல்லறையில் உறங்குவோர் தம் சமயத்தவர் அல்லர், தம் இனத்தவர் அல்லர், அவர்தம் பெயர்கூடத் தெரியாது. எனினும், தம் ஊர் மண்ணில் அடக்கமானவர்களைப் பார்த்துக்கொள்வது தம் ஊரின் கடமை என அம்மக்கள் கருதினர். அதற்கு வேறு விளக்கம் எதையும் அவர்கள் தேடியதாகத் தெரியவில்லை.

1958இல் ஒஷிமா கிராமம் குஷிமோட்டோ நகருடன் இணைக்கப்பட்டது. 1964இல் யாக்ககெண்டும், 1975இல் மெர்சினும் குஷிமோட்டோவின் சகோதர நகரங்களாயின. யாக்ககெண்ட் கருங்கடலோரத்து மீன்பிடி ஊர். வலையும் படகும் வாழ்க்கையாகக் கொண்ட இரு ஊர்களின் இணைப்பு அது. மெர்சின் பெரிய துறைமுக நகரம். அங்கும் எர்துருல் மாலுமிகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. கல்லறைக்கு அருகே துருக்கி நினைவுக்கூடம் 1974இல் திறக்கப்பட்டது. தீவையும் தலைநிலத்தையும் இணைக்கும் பாலம் 1999இல்தான் அமைந்தது. அதுவரை கல்லறையைக் காண வந்தோர் அனைவரும் படகேறியே செல்ல வேண்டியிருந்தது.

2007ஆம் ஆண்டு முதல் துருக்கிய ஆழ்கடல் தொல்லியலாளர் துஃபான் துரான்லியின் தலைமையில் அப்பாறைகளுக்கிடையே அகழ்வுப்பணி நடைபெற்று, ஆயிரக்கணக்கான பொருள்கள் மேலே கொண்டுவரப்பட்டன. மாலுமிகளுக்கு உணவு சமைத்த பெரிய செப்புக் கொப்பரையும் அவற்றுள் ஒன்று. அன்னதானக் கொப்பரைகளைக் கண்டு பழகிய நமக்கு, நூற்றுக்கணக்கானோர்க்கு உணவு சமைத்த அக்கொப்பரையின் அளவை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இடர் வந்தபோது

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1985 மார்ச்சில் ஈரான் - ஈராக் போர் உச்சத்தில் இருந்தது. ஈரானிய வான்வெளியில் பறக்கும் எந்த விமானத்தையும் 48 மணி நேரத்திற்குப் பின் சுட்டு வீழ்த்தப் போவதாக மார்ச் 17ஆம் நாள் சதாம் ஹுசேன் அறிவித்தார். மற்ற நாடுகள் தம் மக்களைத் தம் விமானங்களில் அழைத்துச் சென்றன. டெஹ்ரானுக்கு ஜப்பானிய விமானச் சேவை அப்போது இல்லை. உரிய காலத்தில் விமானம் அனுப்பவும் ஜப்பானால் இயலவில்லை. கெடு முடியச் சில மணி நேரமே எஞ்சியிருந்த நிலையில், துருக்கியப் பிரதமர் துர்குத் ஓசாலின் அரசு இரண்டு விமானங்களை அனுப்பி 215 ஜப்பானியரை மீட்டது. டெஹ்ரானில் இருந்த துருக்கியர் ஏறத்தாழ 500 பேர், விமானத்தை ஜப்பானியருக்கு விட்டுக்கொடுத்து, தரைவழியாகத் தாயகம் சென்றனர்.

இதற்குக் காரணம் எர்துருல் ஒன்றே என்று கூறிவிடுவது எளிது. ஓசாலுக்கு ஜப்பானிய வணிகர்களோடு இருந்த நட்பும், இரு நாட்டு வாணிப உறவும் இதில் பங்குபெற்றன என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இம்முடிவைத் துருக்கிய மக்கள் முணுமுணுப்பின்றி ஏற்றதற்கு, எர்துருல் நிகழ்ச்சி அவர்கள் நெஞ்சில் நிலைத்திருந்ததே காரணம் என்பது என் கருத்து. துருக்கியத் தூதர்களும் பின்னாளில் அவ்வாறே கூறினர். ஜப்பானியருள் பலர் அந்நிகழ்ச்சியை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் வியப்பு. உதவி செய்த நாட்டின் பெருநகரங்கள் மறந்திருந்தன. உதவி பெற்ற நாடும், உதவி செய்த சிற்றூரும் மறக்கவில்லை.

1999 ஆகஸ்ட் 17ஆம் நாள் அதிகாலை துருக்கியின் இஸ்மித் வட்டாரத்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானிய மீட்புக் குழுவினர் விரைந்தனர். அதன்பின் ஜப்பானியக் கடற்படைக் கப்பல்கள் மூன்று, ஏறத்தாழ 500 தற்காலிக வீடுகளை ஏற்றிக்கொண்டு இஸ்தான்புல் சென்றன. அவை 1995 ஜனவரி 17இல் கோபேயில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பின்னர் வீடிழந்தோருக்காகக் கட்டப்பட்டவை. கோபேயில் ஒரு குடும்பம் துயர் ஆறிய வீடு, துருக்கியில் மற்றொரு குடும்பத்திற்குக் கூரையாயிற்று. எர்துருல் மாலுமிகள் சிகிச்சை பெற்றுத் தாயகம் புறப்பட்டதும் அதே கோபேயிலிருந்துதான்.

2011 மார்ச் 11ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானை ஆழிப்பேரலை அழித்தபோது, துருக்கிய மீட்புக்குழு ஒன்று மியாகி மாநிலத்திற்கு வந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் பணியாற்றியது. அணு உலை விபத்தால் பல வெளிநாட்டவர் அஞ்சி வெளியேறிக்கொண்டிருந்த நாள்கள் அவை. வெளிநாட்டு மீட்புக் குழுக்களுள் மிக நீண்ட காலம் தங்கியவர்களுள் துருக்கியரும் அடங்குவர். அதே ஆண்டு அக்டோபர் 23இல் கிழக்குத் துருக்கியின் வான் நகரில் நிலம் நடுங்கியது. உதவிக்குச் சென்ற ஜப்பானியத் தொண்டர் ஒருவர், நவம்பர் 9இல் நிகழ்ந்த அடுத்த நிலநடுக்கத்தில் தாம் தங்கியிருந்த விடுதி இடிந்து உயிர்நீத்தார். துருக்கிய மக்கள் அவருக்காகத் தம் மகனுக்கு அழுவதுபோல் அழுதனர்.

2015இல் இரு நாட்டுக் கலைஞர்களும் இணைந்து, எர்துருல் நிகழ்ச்சியையும் டெஹ்ரான் மீட்பையும் ஒரே திரைப்படமாக எடுத்தனர். அதன் பின்னரே ஜப்பானிய இளைஞர் பலருக்கு ஒஷிமாவின் பெயர் அறிமுகமாயிற்று.

2023 பிப்ரவரி 6ஆம் நாள் தென்கிழக்குத் துருக்கியில் ஒரே நாளில் இரு பெரும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. துருக்கியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தி வந்த சில நாள்களுக்குள் குஷிமோட்டோ நகராட்சி நன்கொடைப் பெட்டிகளை வைத்தது. ஏறத்தாழ 15,000 பேரே வாழும் அச்சிறு நகரத்திற்கு, எர்துருல் கதையையும் டெஹ்ரான் விமானங்களையும் நினைவுகூர்ந்து ஜப்பானின் பிற பகுதிகளிலிருந்தும் மக்கள் நன்கொடை அனுப்பினர். துருக்கிக்கு உதவ விரும்பியோர் தலைநகர் டோக்கியோவை மட்டும் நாடாமல், ஹொன்ஷுத் தீவின் தென்கோடியிலுள்ள ஒரு மீன்பிடி ஊரின் முகவரியையும் தேடினர்.

சகோதர நகரமான யாக்ககெண்ட் வடக்கே கருங்கடலோரத்தில் இருப்பதால் அந்நிலநடுக்கத்திற்குத் தப்பியது. மெர்சினும் பெரும் அழிவிலிருந்து தப்பியது. ஆயின் அதன் கிழக்கே ஹத்தாய் முதலிய மாநிலங்களில் ஊர் ஊராக இடிந்து வீழ்ந்தன. வீடிழந்த மக்கள் பேருந்துகளிலும் கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் மெர்சினை நோக்கி வந்தனர். மாணவர் விடுதிகளும் உறவினர் வீடுகளும் முன்பின் அறியாதவர் வீடுகளும் அவர்களுக்காகத் திறக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் அவ்வாண்டு மெர்சினில் அடைக்கலம் புகுந்தனர்.